கும்மிடிப்பூண்டி வரை வந்த கௌபாய்

போன முறை மொட்டை மாடியில் நாம் போட்ட சினிமாவுக்கு வந்திருந்தீர்களா? வந்திருந்தால் நடந்தது உங்களுக்கே தெரியும். அறுபது நாற்காலி போட்டோம். இடைவேளைக்குப் பிறகு இருபதுகூட நிரம்பவில்லை. படத்தில் குறையில்லை, நல்ல குடும்பப் படம்தான். ஆனால் முழுக்க முழுக்கப் பேச்சு. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடியா குடும்பங்களும், பீகார்ப் பையன்களும், தடா பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தெலுங்குக்காரர்களும் நம் மூன்று பிளாக்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மெல்ல எழுந்து போய்விட்டார்கள்.

"அடுத்த தடவை படத்தை நீங்களே சொல்லுங்க சார்" என்றார் செயலாளர். "கௌபாய் படம் போடலாம்" என்றேன். சிரித்தார். தொப்பி, குதிரை, துப்பாக்கி, அதற்குக் கீழே நம்ம ஊர் முகம் என்றால் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரத்தான் செய்கிறது. இது அமெரிக்காக்காரன் சமாச்சாரம், நாம் போட்டுக்கொண்டது மாறுவேடம் என்று ஓர் எண்ணம். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு டிவியில் அடுத்து என்ன பார்க்கலாம் என்பதற்கும் இது உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கௌபாய் படமே அசல் ஊரில் எடுத்ததல்ல. ரயில் கொள்ளையை வைத்து 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யைத்தான் இந்த வகையின் ஆரம்பமாகச் சொல்வார்கள். சுமார் 12 நிமிடப் படம். அதை எடுத்தது மேற்கே இருக்கும் பாலைவனத்தில் இல்லை, கிழக்குக் கரையில் இருக்கும் நியூ ஜெர்சியில். அறுபது வருடம் கழித்து, கௌபாய் என்றதும் நம் கண்முன் வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை உலகத்துக்குக் காட்டியவர் செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிக்காரர். 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) படத்தை அவர் ஸ்பெயினில் எடுத்தார். கதையோ அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' (1961) என்ற ஜப்பானிய வாள்சண்டைப் படத்தினுடையது. ஜப்பான் கம்பெனி வழக்குப் போட்டு, பணம் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டி வந்தது. குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) அமெரிக்காவில் கௌபாய் படமாகி, அதன் சாயல் நம் 'ஷோலே' (1975) வரை வந்து சேர்ந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்ட சரக்கு இது. கடைசியாக வாங்கியவனை மட்டும் போலி என்பது என்ன நியாயம்?

தமிழில் துரத்தலும் சண்டையும் கௌபாய்க்கு முன்பே இருந்தவை. பம்பாயில் நாடியா சாட்டையோடு குதிரையேறிய 'ஹண்டர்வாலி' 1935-இல் வந்தது. இரண்டே வருடத்தில், 1937-இல், கே. டி. ருக்மணி ஆண்வேடக் கொள்ளைக்காரியாக நடித்த 'மின்னல்கொடி' தமிழில் வந்துவிட்டது. தமிழ் சினிமாவின் ஆரம்பகால ஆக்‌ஷன் நாயகர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதன் பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவும் ஜெய்சங்கரும் சேர்ந்து 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாகக் கொடுத்தார்கள். 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு அப்படி வந்ததுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் படம் வருவதால் 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்ற பெயரும் உண்டு. 1972-இல் வந்த 'கருந்தேள் கண்ணாயிரம்' படத்தில் நம் மாவட்டத்துப் பூந்தமல்லியைப் பெயர் சொல்லிப் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், மிச்சத்தை அவர்களே பாடிவிடுவார்கள்.

ஜெய்சங்கர் தலையில் கௌபாய் தொப்பியை வைத்தவர் எம். கர்ணன். அடிப்படையில் ஒளிப்பதிவாளர். கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' மாதிரி கண்ணீர்ப் படத்துக்குக் கேமரா பிடித்த கை அது. அதே கை 1970-இல் 'காலம் வெல்லும்' என்று குதிரையின் பின்னால் ஓட ஆரம்பித்தது. 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என இரண்டு. 1975-இல் 'எங்க பாட்டன் சொத்து'. குதிரைத் துரத்தல் என்றால் கர்ணன்தான் என்று பேராகிவிட்டது. அவர் படம் பார்க்கும்போது கதையை விட்டுவிட்டுக் கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குதிரைக் குளம்பு உங்கள் மூக்குக்கு நேராக வரும்.

தலைப்பைக் கவனித்தீர்களா? 'ஜக்கம்மா'! கம்பளத்தார் கும்பிடும் தெய்வம், குடுகுடுப்பைக்காரர் விடியற்காலையில் கூப்பிடும் பெயர். அந்தப் பெயரில் ஒரு கௌபாய் படம், அதில் சாவித்திரி. தொப்பி வெளியூர்ச் சரக்குதான். அதற்குள்ளே இருந்த தலை நம்முடையது. அமெரிக்க நாயகன் ஊரைக் காப்பாற்றிவிட்டுத் தனியாகச் சூரியன் மறையும் திசையில் போய்விடுவான். நம் ஆளால் அப்படிப் போக முடியுமா? அம்மா இருக்கிறாள், தங்கை இருக்கிறாள், அப்பாவைக் கொன்றவன் கணக்கு பாக்கி இருக்கிறது. அவன் எங்கே போவான்!

குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கர்ணன் படங்களில் குதிரைக்கு அடுத்தபடியாகப் பேர் பெற்றது குளியல் காட்சி. ரிமோட் பெரியவர்கள் கையில் இருப்பது நல்லது.

இந்த இடத்தில் நம் தெலுங்கு நண்பர்கள் ஆட்சேபணை சொல்வார்கள். கிருஷ்ணா நடித்து, கே. எஸ். ஆர். தாஸ் இயக்கி 1971-இல் வந்த 'மோசகாள்ளகு மோசகாடு'தான் இந்தியாவின் முதல் கௌபாய் படம் என்பது அவர்கள் கட்சி. 'காலம் வெல்லும்' 1970 என்பது நம் கட்சி. 'பி' பிளாக்கில் இருக்கும் ஒரு நண்பரோடு இதைப் பற்றி லிஃப்டிலும் பார்க்கிங்கிலும் பலமுறை வாதாடியிருக்கிறேன். ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'மெக்கன்னாஸ் கோல்டு', லியோனே படங்கள் எல்லாம் பார்த்த உற்சாகத்தில், ராஜஸ்தான் பாலைவனம் வரை போய்ப் பிரம்மாண்டமாக எடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தப் படம் தமிழில் 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்று வந்தது.

நான் அதைப் பார்த்தது தியேட்டரில் அல்ல, வீட்டில். எண்பதுகளின் நடுவில் கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பது அப்போது ஒரு திருவிழா. இந்தியாவில் கலர் டிவி 1982-இல்தான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 முதலே இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் போடுகிற படத்தைத்தான் பார்த்தாக வேண்டும். 'எனக்கு வேண்டிய படம், என் வீட்டில்' என்பதைக் கொண்டுவந்தது டெக்தான். தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம். சைக்கிள் கேரியரில் டிவியைப் போர்வை சுற்றிக் கட்டி, ஒருவர் பிடித்துக்கொண்டே நடந்து வருவார். ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். முதலில் சாமி படம், பெரியவர்களுக்கு. இரண்டாவது சிவாஜியோ எம்.ஜி.ஆரோ. மூன்றாவதைப் போடும்போது மணி இரண்டாகிவிடும். பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள். அது எங்கள் படம்.

அப்படி ஒரு மூன்றாவது கேசட்தான் 'மோசக்காரனுக்கு மோசக்காரன்'. வோல்டேஜ் குறைந்து படம் சுருங்கும். கோடு விழும். யாராவது எழுந்து ஹெட்டைத் துடைப்பார்கள். கிருஷ்ணாவின் உதடு ஒன்று சொல்ல, தமிழ்க்குரல் வேறொன்று சொல்லும். எதிர்வீட்டுத் தெலுங்குப் பெரியம்மா சூளூர்ப்பேட்டையில் அசலைப் பார்த்தவர். தூங்காமல் உட்கார்ந்து, அடுத்து யார் யாரைச் சுடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கோபம் வரவில்லை. கௌபாய் படத்துக்குப் பேச்சு தேவையில்லை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், கை இடுப்புக்குப் போகிறது. இதற்கு எந்த மொழி வேண்டும்?

ரஜினி ரசிகர்கள் அவசரப்பட வேண்டாம், வருகிறேன். தேவர் பிலிம்ஸின் 'தாய் மீது சத்தியம்' 1978 தீபாவளிக்கு வந்தது. ரஜினி கௌபாய் உடையில் பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடிப் போவார். கூடவே ஒரு குதிரையும் ஒரு நாயும். சாண்டோ சின்னப்பா தேவர் கம்பெனியில் மிருகம் இல்லாமல் படமா? படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த செப்டம்பரில், தேவர் காலமாகிவிட்டார். குழந்தைகளோடு பார்க்க ஏற்ற படம். நாய் நன்றாக நடித்திருக்கிறது.

சினிமாவில் தொப்பிகள் குறைந்த பிறகும் இந்த மோகம் செத்துவிடாமல் காப்பாற்றியது சிவகாசி. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டும் இத்தாலியின் டெக்ஸ் வில்லரையும் பெல்ஜியத்தின் லக்கி லுக்கையும் தமிழ் பேச வைத்தன. பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தத் தலைமுறைக்காரர்தான் இயக்குநர் சிம்புதேவன். அவருடைய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) படத்தில் வரும் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். வில்லன் நாசரின் பெயர் கிழக்குக்கட்டை. ஈஸ்ட்வுட்டை எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் அதுதானே! அதற்கு முந்தின வருடம் ஷஷாங்கா கோஷ் இயக்கிய 'குயிக் கன் முருகன்' வந்தது. தொலைக்காட்சி சேனல் ஒன்றின் கிண்டல் விளம்பரத்தில் பிறந்த தமிழ்க் கௌபாய், சுத்த சைவம். அவனுக்கு வில்லன் ரைஸ் பிளேட் ரெட்டி. அதுவும் நாசர்தான். இரண்டு வருடத்தில் இரண்டு கௌபாய் வில்லன், வேறு எந்தத் தமிழ் நடிகருக்கு இந்தப் பெருமை உண்டு?

இரும்புக்கோட்டையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. செவ்விந்தியர் என்று முகத்தில் கோடு போட்டு, இறகு செருகி, புரியாத பாஷை பேசவிட்டுச் சிரிக்க வைக்கும் காட்சிகள். முதல் தடவை நானும் சிரித்தேன். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர் குடும்பங்களை நினைத்தால் இரண்டாம் தடவை அவ்வளவு எளிதாகச் சிரிப்பு வரவில்லை. கௌபாய் படத்தின் பரம்பரை வியாதி இது. நிலம் யாருடையதோ அவன்தான் அதில் வேடிக்கைப் பொருளாகவோ வில்லனாகவோ இருப்பான்.

அதைத் திருப்பிப் போட்டது 2023-இல் வந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'. கார்த்திக் சுப்பராஜ் இயக்கம். இரும்புக்கோட்டையில் தொப்பி போட்ட அதே ராகவா லாரன்ஸ், இங்கே கிளின்ட் ஈஸ்ட்வுட் மேல் பைத்தியமாக இருக்கும் ரவுடி. தன்னை வைத்துப் படம் எடுக்க ஓர் ஆளைத் தேடுகிறான். எடுக்கப் போன படம் காட்டில் வாழும் அவன் ஜனங்களின் கதையாகிவிடுகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. ரத்தம் அதிகம். சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

இனி எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கிருஷ்ணா 2022 நவம்பரில் காலமானார். அடுத்த வருடம் மே 31, அவர் பிறந்தநாளன்று, 'மோசகாள்ளகு மோசகாடு' 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டருக்கே திரும்ப வந்தது. கர்ணன் 2012-இல் போய்விட்டார், ஜெய்சங்கர் 2000-இல். அவர்கள் படங்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பிரதியே கிடையாது என்கிற ஊரில், ஒரு 'கங்கா'வுக்காக யார் பெட்டகம் கட்டப் போகிறார்கள்? இன்று நமக்குக் கிடைப்பது கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் டிவி ஒளிபரப்பிலிருந்தும் யாரோ ஆசைக்காக எடுத்து வைத்த மங்கல் பிரதிகள். மூலையில் ஏதாவது சேனல் முத்திரை தெரியும். தியேட்டருக்காக எடுத்த படம் இது. வீட்டில் பார்த்தவர்கள் விட்டு வைத்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

மொட்டை மாடிக்கு என் தேர்வு 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'. கலகலப்பாக இருக்கும், துரத்தல் இருக்கும், பாதி வசனம் புரியாவிட்டாலும் பீகார்ப் பையன்கள் கடைசி வரை உட்காருவார்கள். திரையிடும் உரிமம் பற்றிச் செயலாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார், தேதி வாட்ஸ்அப் குரூப்பில் வரும். நெருடலான காட்சிகளைப் பற்றிப் படம் முடிந்ததும் பிள்ளைகளோடு நான் கொஞ்சம் பேசுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய வீடியோ கேசட் ஏதாவது கையில் சிக்கினால் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கல்யாண கேசட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து, 'சி' பிளாக் சினிமாக்காரருக்கு என்று சொன்னால் போதும், வந்து சேர்ந்துவிடும். என்னிடம் இன்னும் ஒரு டெக் ஓடுகிறது. ஹெட்டை மட்டும் துடைக்க வேண்டும்.