ஸ்பிஷ்கோ படுத்துக்கிட்ட மேட்ச்

போன எபிசோட்ல சொன்ன மாதிரி, இன்னைக்கு ரெஸ்லிங். முதல்ல எங்க தாத்தா கதை ஒண்ணு.

தாத்தா மெட்ராஸ்ல கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்க தாரா சிங்கும் கிங்காங்கும் மோதினதை நேர்ல பார்த்தேன்னு சொல்வார். வானூர்ல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, கிங்காங் எப்படி நடந்து வந்தான்னு நடிச்சே காட்டுவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது பெரிய அறிவாளி மாதிரி, "அதெல்லாம் செட்டப் தாத்தா, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டார். அதுக்கப்புறம் அந்தக் கதையை என்கிட்ட அவர் சொன்னதே இல்ல.

நான் பேசினது தகவலா சரி. ஆனா எவ்வளவு அரைகுறைன்னு எனக்குப் புரிய வெச்சது ஒரு கேம்.

காலேஜ் ஹாஸ்டல்ல 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்'னு ஒரு கேம் கைக்கு வந்துச்சு. ஆடம் ரைலண்ட்னு ஒரு பிரிட்டன்காரர் உருவாக்கினது. 2002-ல அவர் இலவசமா வெளியிட்ட 'எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச்' இதுக்கு அண்ணன் முறை. சண்டைக் காட்சி எதுவும் கிடையாது, பார்க்க எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும். இதுல நீங்க ரெஸ்லர் இல்ல, கம்பெனி நடத்துறவர். யார் யாரோட மோதணும், எத்தனை நிமிஷம், யார் ஜெயிக்கணும்னு எழுதிக் குடுக்கணும். மேட்ச் முடிஞ்சதும் நூத்துக்கு இவ்வளவுன்னு மார்க் வரும்.

நமக்குத்தான் சின்ன வயசுல ட்ரம்ப் கார்டு ஆடின புத்தி ஆச்சே. பெரிய நம்பர் ஜெயிக்கும்! என்கிட்ட இருந்ததுலயே திறமை அதிகமான ரெண்டு பேரை எடுத்து, மெயின் ஈவென்ட்ல போட்டு, 30 நிமிஷம் குடுத்தேன். வந்த மார்க் 48. பாதியிலயே ஒருத்தருக்கு மூச்சு வாங்கிடுச்சு. ரெண்டு பேரையும் கூட்டத்துக்குத் தெரியவும் தெரியாது.

இதே தப்பு நிஜத்துல 1910-லயே நடந்திருக்கு.

அந்த வருஷம் நம்ம ஊர் காமா பயில்வான் லண்டன் போறார். உயரம் பத்தலைன்னு டோர்னமென்ட்ல சேர்க்கல. அவர் வெளியில நின்னு எல்லாரையும் சவாலுக்கு இழுக்குறார். அமெரிக்காவோட பெஞ்சமின் ரோலரைத் தோற்கடிச்சதும் பேர் பரவுது. செப்டம்பர் 10-ம் தேதி, போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவோட மேட்ச். உலகத்துலயே பெரிய கைகள் ரெண்டு பேர். கேம்ல போட்டா ரெண்டு பேருக்கும் திறமை 95-க்கு மேல இருக்கும்.

என்ன நடந்துச்சுன்னா, ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே காமா அவரைக் கீழ தள்ளிட்டார். ஸ்பிஷ்கோ கனமான ஆள். குப்புறப் படுத்துக்கிட்டார். எந்திரிக்கவே இல்ல. இவர் புரட்டப் பார்க்குறார், அவர் தரையோட ஒட்டிக்கிட்டு கிடக்குறார். இப்படியே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல! இருட்டினதும் டிரான்னு முடிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு மறு மேட்ச் வெச்சா ஸ்பிஷ்கோ வரவே இல்ல. பெல்ட்டை காமாகிட்ட குடுத்துட்டாங்க.

ஸ்பிஷ்கோ பக்கம் நின்னு பாருங்க, அவர் செஞ்சதுல தப்பே இல்ல. தோக்கக் கூடாதுன்னா படுத்துக்கிறதுதான் சரியான வழி. நிஜமான போட்டியில பார்க்குறவனைப் பத்தி ரெஸ்லர் ஏன் கவலைப்படணும்? காசு குடுத்து வந்தவன் கொட்டாவி விட்டா அது அவன் பாடு.

1920-கள்ல அமெரிக்காவுல மூணு பேர் இதைத் தொழில் பிரச்சனையா பார்த்தாங்க. எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட். பின்னாடி இவங்களை 'கோல்ட் டஸ்ட் ட்ரையோ'ன்னு கூப்பிட்டாங்க. மேட்சுக்கு நேர வரம்பு, பார்க்க அதிரடியா இருக்குற பிடிகள், முன்னாடியே முடிவு பண்ணின ரிசல்ட், ஊர் ஊரா சுத்துற ஒரே குழு. கேம்ல நாம டைப் பண்ற விஷயம் பாதி இவங்க செஞ்சதுதான்.

1925-ல வேய்ன் மன்னுன்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் வீரரை சாம்பியன் ஆக்கினாங்க. ஆள் மலை மாதிரி, ஆனா மல்யுத்தம் பெருசா வராது. அவருக்குத் தோத்துக் குடுக்க ஏப்ரல்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ஸ்பிஷ்கோ! எதிர்த் தரப்போட பேசி வெச்சுக்கிட்டு, பிலடெல்பியா ரிங்ல மன்னை நிஜமாவே புரட்டிப் போட்டு பெல்ட்டைத் தூக்கிட்டுப் போயிட்டார். இந்த மனுஷனை எந்தக் கேம்லயும் நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

அதே ஸ்பிஷ்கோ 1928 ஜனவரியில பாட்டியாலா வர்றார், காமாவோட மறுபடி மோத. ரெண்டு பேருக்கும் ஐம்பதை நெருங்குற வயசு. பதினெட்டு வருஷமா பாக்கி இருந்த கணக்கு. சொந்த மண்ணு, மகாராஜா முன்னாடி, ஆயிரக்கணக்குல ஜனம். ஒரு நிமிஷத்துக்குள்ள காமா அவரைச் சாய்ச்சுட்டார். லண்டனுக்கு நான் 20 மார்க்தான் குடுப்பேன். இதுக்கு 90 குடுக்கலாம். ஆளுங்க அதே ரெண்டு பேர், வயசு மட்டும் கூடியிருக்கு.

இது புரிஞ்சப்புறம்தான் என் ரேட்டிங் ஏற ஆரம்பிச்சுது. கேம் திறமையை மட்டும் பார்க்குறது இல்ல. ஜனத்துக்கு இவனைத் தெரியுமா, இந்த மோதலுக்குக் காத்திருக்காங்களா, குடுத்த நேரத்தை உடம்பு தாங்குமா, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுதா, எல்லாத்தையும் கூட்டிக் கழிக்குது. பேர் இருக்கு, மூச்சு இல்லைன்னா பத்து நிமிஷத்துல முடிச்சுடுங்க. நல்லா சண்டை போடுறான், யாருக்கும் தெரியலைன்னா பிரபலமானவனோட மோத விடுங்க, தோத்தாலும் பேர் ஏறும்.

இப்போ தாரா சிங்குக்கு வரேன். 1947-ல சிங்கப்பூர் போய் ஒரு டிரம் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். அங்க 'கிரேட் வேர்ல்ட்' கேளிக்கைப் பூங்காவுல ஹர்னாம் சிங்கிட்ட பயிற்சி. 1954-ல ருஸ்தம்-ஏ-ஹிந்த். 1959-ல கல்கத்தாவுல காமன்வெல்த் பட்டம். 1968-ல பம்பாயில அமெரிக்க ஜாம்பவான் லூ தெஸ்ஸையே ஜெயிச்சார். இன்னைக்கும் யாராவது முஷ்டியை மடக்கினா, "நீ பெரிய தாரா சிங்கா?"ன்னு நம்ம ஊர்ல கேக்குறோம்.

ஆனா எனக்கு கிங்காங்தான் முக்கியம். நிஜப் பேர் எமில் சாயா, ஹங்கேரி வம்சாவளி, சிங்கப்பூர்ல குடியேறினவர். 200 கிலோ எடைன்னு விளம்பரம். தாடி, கர்ஜனை. தாராவும் இவரும் ஊர் ஊரா திரும்பத் திரும்ப மோதினாங்க. கேம்ல போட்டா கிங்காங்கோட டெக்னிக் 40 தாண்டாது, ஸ்டாமினா அதுக்கும் கீழ. ஆனா அந்த மலையை ஒருத்தன் தலைக்கு மேல தூக்குறான்னா, தூக்க விடத் தெரிஞ்சவன் மேல இருக்குறான்னு அர்த்தம். அந்த எடையில தப்பா ஒரு அசைவு போதும், கீழ இருக்குறவன் முதுகு போயிடும். ராத்திரிக்கு ராத்திரி அதைச் செஞ்சு, தோத்து, அடுத்த ஊருக்கு வண்டி ஏறினார். 1970-ல ஒரு கார் விபத்துல அடிபட்டு இறந்துபோனார்.

போன மாசம் 1950-கள் ஆளுங்களை வெச்சு நானே ஒரு டேட்டாபேஸ் செஞ்சேன். தாரா, கிங்காங், மெட்ராஸ், மெயின் ஈவென்ட், 12 நிமிஷம். 83 வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு காமெடி மேட்ச் போட்டுக் கூட்டத்தைக் கொஞ்சம் ஆற விட்டிருந்தேன். அது சரியான்னு எனக்கு இன்னும் சந்தேகம். அன்னைக்கு நிஜமாவே எத்தனை நிமிஷம் ஓடுச்சு, முன்னாடி யார் மோதினாங்க, கிங்காங் விழுந்தப்போ கூட்டம் எந்திரிச்சுதா... தாத்தாகிட்ட கேட்டிருந்தா திண்ணையில நடிச்சே காட்டியிருப்பார்.