கம்பியின் இந்த முனையில் இருந்தவர்கள்

1917-ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, கிம்பர்லி பகுதியில் ஹால்ஸ் கிரீக் என்றொரு சிற்றூர். ஜிம்மி டார்சி என்ற மாட்டுப்பண்ணை ஆள் குதிரையிலிருந்து விழுந்து, அடிவயிற்றில் பலத்த அடியோடு அங்கே கொண்டுவரப்பட்டார். ஊரில் டாக்டர் இல்லை. முதலுதவி தெரிந்தவர் போஸ்ட்மாஸ்டர் டக்கெட் ஒருவர்தான். விண்டம், டெர்பி ஊர்களில் இருந்த டாக்டர்களைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தெற்கே பெர்த் நகரில் இருந்த டாக்டர் ஹாலண்டுக்குத் தந்தி போனது.

கேள்வியும் பதிலும் மோர்ஸ் தட்டலாகவே போய் வந்தன. மூத்திரப்பை கிழிந்திருக்கிறது, அறுத்தே ஆகவேண்டும் என்றார் ஹாலண்ட். மயக்க மருந்து கிடையாது. அறுவைக் கருவி கிடையாது. பேனாக்கத்தியும் சவரக்கத்தியும் இருந்தன. புண் கழுவப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருந்தது. டார்சியை மேசையோடு கட்டிப்போட்டு, தந்தியில் வந்த சொல்லைக் கேட்டுக் கேட்டு டக்கெட் அறுத்தார். பிறகும் நிலைமை மோசமாகவே, ஹாலண்ட் மாடு ஏற்றும் கப்பலிலும் அதன்பின் ஃபோர்டு காரிலுமாகப் பல நாள் பயணம் செய்து வந்தார். அவர் வந்து சேர்ந்ததற்கு முந்தின நாள் டார்சி இறந்திருந்தார். அறுவை சரியாகவே நடந்திருந்தது. உயிரைக் கொண்டுபோனது மலேரியா.

நான் இந்தியாவில், மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிக்கும் திரையில் தெரியும் டாக்டருக்கும் நடுவில் உட்காருவது என் அன்றாட வேலை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தந்தியை வியக்கிறார்கள், டாக்டரை வியக்கிறார்கள். நான் டக்கெட்டைத்தான் பார்க்கிறேன். முன்பொரு காலத்தில் அவருக்கு முதலுதவிப் பாடம் நடத்தியவர் இதே ஹாலண்ட். எதிர்முனையில் இருக்கும் கைக்கு எவ்வளவு தெரியும் என்பது டாக்டருக்குத் தெரியும். அந்தப் பழைய வகுப்பு நடக்காமல் இருந்திருந்தால், கம்பி இருந்தும் பயனில்லை.

டார்சியின் கதை பத்திரிகைகளில் பரவி நாட்டையே உலுக்கியது. உள்நாட்டுப் பகுதிகளில் செவிலியர் இல்லங்களை நடத்திவந்த பாதிரியார் ஜான் ஃபிளின், டாக்டர் விமானத்தில் போகவேண்டும் என்று நினைத்தார். முதல் உலகப் போருக்குப் போன கிளிஃபோர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர், இது நடக்கக்கூடியதுதான் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். பீல் 1918-இல் போரில் மாண்டார். பத்தாண்டு கழித்து, 1928 மே 17 அன்று, குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து பறக்கும் டாக்டர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. முதல் ஆண்டில் 50 முறை பறந்து 225 நோயாளிகளைப் பார்த்தார்கள்.

ஆனால் டாக்டரைக் கூப்பிட வழி வேண்டுமே? பண்ணை வீடுகளில் மின்சாரம் இல்லை. அடிலெய்டைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர் அதற்கு விடை கண்டார். ஒரு சிறு ஜெனரேட்டருக்கு சைக்கிள் பெடல் பூட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக மிதித்தால் சுமார் 300 வோல்ட்டில் 20 வாட் கிடைத்தது. வயர்லெஸ் கருவியை இயக்க அது போதும். 1929-இல் முதல் கருவிகள் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காலால் மிதித்துக்கொண்டே கையால் மோர்ஸ் தட்டவேண்டும். மோர்ஸ் பழகாதவர்கள் திணறியதைக் கண்ட டிரேகர், தட்டச்சுப் பலகை ஒன்றைச் செய்து கொடுத்தார். எழுத்தை அழுத்தினால் அதற்குரிய மோர்ஸ் தானே போகும். முப்பதுகளின் நடுவில் குரலிலேயே பேச முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெடலை மிதித்தவர்கள் பெண்கள். ஆண்கள் மாட்டோடு வெளியே போயிருக்க, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டு எழுந்துபோய், மிதித்து, டாக்டரிடம் சொல்லி, கேட்டதைத் திரும்ப வந்து செய்தவர்கள் அவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வந்த இரண்டு பொருள்கள். ஒன்று, 1942-இல் வந்த மருந்துப் பெட்டி. உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். வாயில் நுழையாத மருந்துப் பெயரை இரைச்சலுக்கு நடுவே டாக்டர் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் போதும். இன்னொன்று, 1951-இல் வந்த உடல் படம். மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்து, இடத்துக்கு இடம் எண் போட்டிருப்பார்கள். வலி எந்த எண்ணில் என்று கேட்பார் டாக்டர். அலைவரிசையோ பொது, அக்கம்பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மானத்தோடு நோயைச் சொல்லவும் அந்த எண் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். எண் போட்ட மருந்துப் பெட்டி அந்த நாட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தின் அருமை எனக்குத் தெரியும். "எங்க வலிக்குது பாட்டி?" என்றால், "இங்கதான் சாமி, பிசையுது" என்று நெஞ்சிலிருந்து தொப்புள் வரை கையால் தடவிக் காட்டுவார்கள். திரையில் டாக்டருக்கு ஒரு சேலைத்தலைப்பு அசைவது தெரியும், அவ்வளவுதான். "சிஸ்டர், மேல் வயித்துல அமுக்கிப் பாருங்க. முகத்தைச் சுளிக்கிறாங்களா?" என்பார் அவர். என் விரல் அமுக்குகிறது. என் கண் முகத்தைப் பார்க்கிறது. ரத்தசோகைக்குக் கீழ் இமையை இழுத்துக் காட்டும்போது குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் வெளுத்துத்தான் தெரியும். பாட்டியை வாசலுக்கு அழைத்துப்போய், பகல் வெளிச்சத்தில் நான் பார்த்துச் சொன்னால்தான் டாக்டருக்கு உண்மை நிறம் கிடைக்கும். இதை எனக்கு எந்தச் செயலியும் சொல்லித்தரவில்லை. மூத்த செவிலியர் ஒருவர் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார்.

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில் வெளிவந்தன. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி அதன்பின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மலையிறங்கிப் பஸ் பிடித்து, ஒருநாள் கூலியை விட்டு டாக்டரைப் பார்க்கப் போனவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதனால்தான் இது இன்னும் நன்றாக நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். புதுத் திட்டம் வரும்போதெல்லாம் டேப்லெட் எத்தனை, இணைய வேகம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். நோயாளி பக்கத்தில் உட்காருபவருக்கு எத்தனை நாள் பயிற்சி, எதிர்முனை டாக்டரை நேரில் ஒருமுறையாவது சந்திக்க வாய்ப்பு உண்டா என்பதையும் அதே தாளில் எழுதவேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு, கருவி வாங்கும் செலவுக்கு முன்னால் ஒதுக்கப்பட வேண்டியது.