மீனுக்குத் தளர்ந்த விதி

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆம் பிரிவில், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. வீடு, பிள்ளைகள் என்று இருப்பவளுக்கு இரவு வேலை ஆகாது என்பது இத்தகைய தடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது: மீன் பதப்படுத்தும் ஆலைகளில் சரக்கு கெடாமலிருக்க மாநில அரசு தடையைத் தளர்த்தலாம். குழந்தை அழும் என்று போட்ட தடை, மீன் அழுகும் என்றதும் தளர்ந்தது. குடும்பம்தான் பெண்ணின் வேலைக்கு எல்லை வகுக்கிறது என்பார்கள். வடசென்னையில் நடந்தது பெரும்பாலும் தலைகீழ்.

அசோக் மோட்டார்ஸ் 1948-லும், என்ஃபீல்டு 1955-லும் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வந்தன. இந்த இயந்திரத் தொழில்கள் ஆண்களை நம்பியே நடந்தன. சட்டம் மட்டுமே காரணமல்ல. ஆலைத் தொழிலாளியின் ஷிப்டுக்கேற்ப உலை வைக்க வீட்டில் ஒருத்தி இருந்தாக வேண்டும். அதே கடற்கரையில் காசிமேட்டு மீனவர் வீடு வேறு மாதிரி. ஆண் கடலுக்கு, பெண் சந்தைக்கு. விசைப்படகுகள் பெருகியபின், கணவன் கொண்டுவந்ததை விற்றவள் விடியுமுன் ஏலத்தில் முதல் போட்டு வாங்க வேண்டியவளானாள். பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்டாள். இருட்டில் கிளம்பியதால் குடும்பம் குலைந்துவிடவில்லை; ஏலத்தின் நேரத்துக்கு அது தன்னை மாற்றிக்கொண்டது.

இது வறுமையின் கட்டாயம், சுதந்திரமல்ல என்று மறுக்கலாம். பாதி உண்மைதான், ஆயா இல்லாத வீட்டில் மூத்த மகளின் படிப்பு அதற்கு விலையானது. இரவுத் தடை பெண்ணைக் காத்தது என்பதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியபோது பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளை விதித்தது. ஆபத்து ஆலையிலும் தெருவிலும் இருந்தது; வீட்டைக் காரணம் காட்டியது வசதிக்காக.

குழந்தைக் காப்பகக் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-க்கு மேல் பெண்கள் இருந்தால்தான் காப்பகம் என்றிருந்தது. ஆயிரம் தகப்பன்மார் இருந்தாலும் கணக்கில் வரவில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஆண் பெண் பாராமல் 50 ஊழியர் என்றது. ஆனால் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் பார்த்துவரும் அனுமதியைத் தாய்க்கு மட்டுமே தந்தது. காசிமேட்டுக் கூடைக்காரிக்கு முதலாளியே இல்லை. இந்த இரண்டு கணக்கிலும் அவள் பிள்ளை வரவில்லை.