அராபாரி

மேற்கு வங்கம், மேதினிப்பூர் பகுதியிலுள்ள சால் மரக் காடு. காட்டு மேலாண்மையின் சமூகப் பக்கத்தை ஆராய்வோர் இந்தியாவில் முதலில் எடுத்துப் பார்க்கும் இடங்களுள் ஒன்று. விறகுக்கும் விற்பனைக்கும் இடைவிடாது வெட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் அடிக்கட்டைகளே மிஞ்சியிருந்தன. வன அலுவலர் அஜித் குமார் பானர்ஜி மரங்களோடு மக்களையும் கணக்கில் கொண்டார்; காட்டை நம்பியே அவர்கள் அடுப்பும் வருமானமும் இருப்பதைக் கண்டு, காவலில் 11 ஊர்களைப் பங்காளிகளாக்கினார். அவர்களுக்கு வேலை, விறகு, தையல் இலைக்கான சால் இலை ஆகியவற்றோடு மர விற்பனையில் 25 விழுக்காடும் உறுதியளிக்கப்பட்டது. வெட்டுண்ட சால் அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கும். காவல் கிடைத்ததும் காடு எழுந்தது. பானர்ஜியின் பெருஞ்சிறப்பு, விறகு வெட்டியவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காததுதான்.

பின்னாளைய ஆய்வுகள் கடினமான கேள்விகளை எழுப்பின. இலையும் விறகும் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காட்டுக் குழுக்களில் பேசியவர்களோ ஆண்கள். காவல் என்று காட்டை மூடியபோது விறகுக்கு நெடுந்தொலைவு நடந்தவர்களும் பெண்களே. இந்தக் குறையைச் சொல்லாமல் அராபாரியின் வெற்றியை மட்டும் எழுதுவது அநீதி. அராபாரி போன்ற முயற்சிகளைத் தொடர்ந்து, மக்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டைக் காக்கும் கூட்டு வன மேலாண்மைக்கான வழிகாட்டுதலை இந்திய அரசு 1990இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. காட்டில் வாழ்வோரின் உரிமைக்கான சட்டம் 2006இல்தான் வந்தது.