முதுகுவலியும் மூணு இன்ச் ஊசியும்

அக்குபஞ்சர் பேச்சு வந்தாலே 1971-ல ஆரம்பிச்சிடுவாங்க. ஜேம்ஸ் ரெஸ்டன்ங்கற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளருக்கு பீஜிங்ல குடல்வால் ஆபரேஷன். அப்புறம் வந்த வயித்து உப்புசத்துக்கு ஊசி குத்தினாங்க, அவர் அதை முதல் பக்கத்துல எழுதினார், அமெரிக்காவுக்கே ஊசிப் பைத்தியம் புடிச்சிது. ஆனா மேற்கே இந்த வைத்தியம் போய்ச் சேர்ந்தது அதுக்கு முந்நூறு வருஷம் முந்தி. அதுவும் மூட்டுவாதத்தைப் பத்தின புத்தகத்துக்குள்ள!

வில்லெம் டென் ரைனே, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். 1674-லேருந்து ரெண்டு வருஷம் நாகசாகியில தெஜிமாங்கற குட்டித் தீவுல இருந்தார். 1683-ல லண்டன்ல அவரோட லத்தீன் புத்தகம் வந்துச்சு. தலைப்புல முதல்ல நிக்கிறது மூட்டுவாதம், ஊசி அதுக்குப் பின்னாடிதான். அவர் சொன்ன காரணம்தான் சுவாரசியம்: எலும்புக்கும் அதை மூடின சவ்வுக்கும் நடுவுல காத்து மாட்டிக்கிட்டு வலிக்குதாம். "வாயு புடிச்சிக்கிச்சு"ன்னு நம்ம பாட்டிங்க சொல்றது வேற என்னவாம் :-)

அடுத்தவர் வில்லியம் ஆஸ்லர். 1892-ல வந்த அவரோட மருத்துவப் பாடப்புத்தகத்துல, திடீர் இடுப்புப்பிடிப்புக்கு ஊசிதான் முதல் வைத்தியம். மூணு நாலு இன்ச் நீளம், தொப்பியில குத்தற ஊசியைச் சுத்தம் பண்ணினாலே போதும், வலிக்கிற இடத்துல இறக்கி அஞ்சு பத்து நிமிஷத்துல உருவிடணும். சக்தி ஓட்டம், நாடி எதுவும் கிடையாது. மான்ட்ரியால்ல பீட்டர் ரெட்பாத்ங்கற சர்க்கரை ஆலை முதலாளிக்கு அவரே குத்தினார். மனுஷன் ஒவ்வொரு குத்துக்கும் திட்டித் தீர்த்தாராம், வலியும் போகலையாம்.

அப்ப வேலை செய்யுதா இல்லையா? 2007-ல ஜெர்மனியில 1162 நாள்பட்ட முதுகுவலிக்காரங்களை வச்சுப் பார்த்தாங்க. முறையா குத்தினதுல 47.6 சதவீதம் பேருக்குத் தேவலை. புள்ளியே இல்லாத இடத்துல மேலாக்க குத்தினதுல 44.2. வழக்கமான சிகிச்சையில 27.4 தான்! ஊசி உதவுது, எங்க குத்தறோம்ங்கறதுதான் பெருசா உதவல.

ஆனா அது சாதா முதுகுவலி. எங்க சித்தப்பாவுக்கு இருந்தது அங்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகள்ல அழற்சி வந்து மெதுவா ஒட்டிக்கிற நோய். எச்எல்ஏ-பி27ங்கற மரபணுவுக்கும் இதுக்கும் உள்ள தொடர்பை 1973-லயே கண்டுபிடிச்சாச்சு. இவருக்கு 26 வயசுல ஆரம்பிச்ச வலிக்கு நாலு வருஷம் ஊசி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் நல்லாயிருக்கும். அந்த ரெண்டு நாள் சுகத்துலதான் ஒருத்தருக்கும் எக்ஸ்ரே எடுக்கத் தோணல. எடுத்தப்ப இடுப்பு மூட்டு ரெண்டும் ஒட்டியிருந்துச்சு. 2003-லேருந்து எடனர்செப்ட் மாதிரி அழற்சியை அடக்கற மருந்துகள் இதுக்கு இருக்கு, ஆனா ஒட்டின எலும்பை எதுவும் பிரிக்காது.

உங்க வீட்டுல இளவட்டம் யாருக்காவது மூணு மாசத்துக்கு மேல முதுகுவலி, காலையில விறைப்பு, படுத்தா ஜாஸ்தி, நடந்தா குறையுதுன்னா, முதல்ல மூட்டுவாத டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஊசி அப்புறம்.

சித்தப்பா இன்னமும் மாசம் ஒருக்கா ஊசி குத்திக்கப் போறார். மருந்தையும் நிறுத்தல.