பாம்பும் ஏணியும் புகட்டும் சுகாதாரம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயம் உருட்டும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. இதனையொத்த ஆட்டத்தை வடநாட்டார் ‘ஞான சௌபட்’ என்பர். நற்குணம் ஏணியாகி மேலேற்றும்; தீக்குணம் பாம்பாகிக் கீழிறக்கும். வினையும் அதன் பயனும் கட்டம் கட்டமாக ஆடுவோர் மனத்திற் பதியும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்து சென்றது. அங்கும் முதலில் உழைப்பு, சிக்கனம் முதலிய குணங்களைக் கட்டங்களில் எழுதினர். நாளடைவில் எழுத்து மறைந்தது. பாம்பும் ஏணியுமே எஞ்சின.

மறைந்த எழுத்தை நம் காலத்தில் மீண்டும் பொறித்தவர்களுள் நோய்த் தடுப்பு அறிஞரும் அடங்குவர். நைஜீரியாவின் அபெயொகூட்டா நகரில் குடற்புழு நோயைத் தடுக்கும் பொருட்டுப் ‘புழுவும் ஏணியும்’ என்றோர் ஆட்டத்தை அமைத்தனர். சில பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இதனையும், வேறு சில பள்ளிகளுக்கு வழக்கமான பாம்பும் ஏணியும் ஆட்டத்தையும் அளித்தனர். புதிய ஆட்டத்தை ஆடிய பிள்ளைகளிடம் நோயைப் பற்றிய அறிவும் கை கழுவும் பழக்கமும் பெருகின. புழுத் தொற்றும் குறைந்தது என 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஏறுவதும் இறங்குவதும் இரண்டிலும் உண்டு. பலகை உணர்த்திய பொருளே வேறு.

பலகையின் உச்சிக்கு அருகே நீண்ட பாம்பொன்று இருப்பதை நாம் அறிவோம். அதன் பொருளை நம் நாட்டு மலேரியா வரலாறு விளக்கும். 1947ஆம் ஆண்டையொட்டி ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி மக்களை இந்நோய் வருத்தியதாக மதிப்பிட்டனர். 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965இல் நோயுற்றோர் தொகை ஒரு லட்சமளவுக்குத் தாழ்ந்தது. வெற்றி கைக்கெட்டியதென எண்ணிய வேளையிற் கண்காணிப்புத் தளர்ந்தது. கொசுக்களும் மருந்தைத் தாங்கும் வன்மை பெற்றன. 1976இல் அத்தொகை 64 லட்சமாயிற்று. உச்சியை நெருங்கியவரே அதிகம் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமோ?

ஆயினும் ஆட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கை கழுவக் கற்ற பிள்ளைக்குப் பள்ளியிலே தண்ணீரும் சோப்பும் கிடைத்தல் வேண்டும். சாக்கடை தேங்காதிருத்தல் வேண்டும். தாயம் விழுவது தற்செயல். ஏணியை நாட்டுவதோ ஊராரும் அரசும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.