கழிவுநீரும் வாக்குரிமையும்

1849ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. சென் ஜைல்ஸ் பகுதியிற் குடியிருந்த ஏழைகள் ஐம்பத்துநால்வர் அதிற் கைச்சாத்திட்டிருந்தனர். எழுத்துப் பிழைகள் மலிந்த அக்கடிதம் திருத்தப்படாமல் அவ்வாறே பிரசுரமாயிற்று. தாம் அழுக்கிலும் மலத்திலும் வாழ்வதாகவும், மலகூடமோ குப்பைத்தொட்டியோ வடிகாலோ நல்ல தண்ணீரோ தமக்கு இல்லையெனவும், கொலரா வந்துவிட்டால் இறைவனே துணையெனவும் அவர்கள் முறையிட்டிருந்தனர். சோஹோவிலே கிரீக் வீதியிலிருக்கும் கழிவுநீர்க் கம்பனியார் பெருஞ்செல்வர். அவர்கள் எமது முறைப்பாட்டைச் சற்றேனும் பொருட்படுத்துவதில்லை என்ற குற்றச்சாட்டும் அதில் இருந்தது.

கிரீக் வீதியில் இருந்தது கம்பனியன்று. மாநகரக் கழிவுநீர் ஆணைக்குழு என்னும் அரசாங்க அமைப்பு. ஆயினும் அம்மக்களின் தவறு வியப்புக்குரியதன்று. தாம் தெரிவுசெய்யாத, தமக்குப் பதில் கூறக் கடமைப்படாத கனவான்கள் மேசையைச் சுற்றியிருந்து எந்தத் தெருவிற் கான் வெட்டுவது, எந்தத் தெருவை இடிப்பது என்று தீர்மானிப்பதை வேறு எப்பெயரால் அவர்கள் அழைத்திருக்க முடியும்?

இலண்டன் நகரின் கழிவுநீர்க் கால்வாய்களின் வரலாறு பெரும்பாலும் ஜோசப் பசல்கெற் என்ற பொறியியலாளரின் சாதனைக் கதையாகவே கூறப்படுகிறது. அவருடைய திறமையை மறுப்பது அறியாமை. ஆனால் எந்தக் கால்வாயும் பொறியியலாளரின் வரைபடத்தாளில் மட்டும் தோன்றுவதில்லை. எப்போது வெட்டுவது, எவருடைய பணத்தில் வெட்டுவது, எந்தப் பகுதியைப் பிற்போடுவது என்ற வினாக்களுக்குச் சபைகளே விடையளித்தன. அச்சபைகளில் யார் அமர்ந்திருந்தனர் என்பதை ஆராயாமல் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

சென் ஜைல்ஸ் மக்களின் அவலத்திற்கே ஒரு தெரு காரணமாயிருந்தது. 1847இல் நியூ ஒக்ஸ்போட் வீதி அப்பகுதியின் சேரியை ஊடறுத்துத் திறக்கப்பட்டது. சேரி அழிந்தது; சேரி மக்கள் எங்கே போவது? அடுத்த சந்துகளுக்கே போயினர். சேர்ச் லேன் என்னும் சந்தில் இருபத்தேழு வீடுகளில் 1841இல் 655 பேர் வாழ்ந்தனர். 1847இல் அதே வீடுகளில் 1,095 பேர் அடைந்து கிடந்தனர். புதிய வீதி அழகாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

அக்காலத்துச் சுகாதாரச் சீர்திருத்தவாதிகளுள் முதன்மையானவர் எட்வின் சட்விக். தொழிலாளரின் சுகாதார நிலை பற்றி 1842இல் வெளிவந்த அவரது அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் நோய் துர்நாற்றத்திலிருந்தே பிறக்கிறது என்பது அவர் கொண்டிருந்த உறுதியான நம்பிக்கை. வீட்டின் அடியிலுள்ள மலக்குழியை ஒழித்து, நாற்றத்தை விரைவாக வெளியேற்றிவிட்டால் நோயும் வெளியேறும் என்று அவர் கருதினார். 1848இல் இயங்கத் தொடங்கிய ஆணைக்குழு அந்நம்பிக்கைப்படியே செயற்பட்டது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பதாயிரம் மலக்குழிகள் மூடப்பட்டன. அவற்றிற் சேர்ந்திருக்கவேண்டியதெல்லாம் தேம்ஸ் நதிக்குப் போயிற்று. அந்த நதிநீரையே தண்ணீர்க் கம்பனிகள் இறைத்து வீடுகளுக்கு விற்றன. 1848–49 கொலராவில் இலண்டனில் மட்டும் பதினாலாயிரம் பேர் வரை மாண்டனர். நல்ல நோக்கத்தோடு நஞ்சைப் பொதுவுடைமையாக்கியவர்கள் என்று அவ்வாணையாளரைக் கூறலாம்.

1848க்கும் 1855க்கும் இடையில் ஆறு ஆணைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நியமிக்கப்பட்டன. ஒடுங்கிய மட்குழாயா, பெரிய செங்கற் கால்வாயா என்ற வாதம் ஓயவில்லை. பொதுமக்களிடமிருந்து திட்டங்கள் கோரப்பட்டபோது நூற்றுக்கு மேற்பட்டவை வந்து குவிந்தன, ஒன்றேனும் நிறைவேறவில்லை. பணத்தைப் பற்றிய பேச்சு வந்தவுடனே சொத்துடையோர் சுதந்திரத்தின் காவலராக மாறினர். மத்திய அதிகாரம் ஆங்கிலேயனின் வீட்டு வாசலுக்குள் நுழைவது கொடுங்கோன்மை என்றனர். 1854இல் சட்விக் பதவியிலிருந்து அகற்றப்பட்டபோது ‘டைம்ஸ்’ பத்திரிகையும் மகிழ்ச்சியை மறைக்கவில்லை. சோலைவரியில் ஒரு பென்னி கூடுவதைத் தடுப்பதே அவர்கள் கண்ட சுதந்திரம் என்பது என் துணிபு.

அதே 1854இல் வைத்தியர் ஜோன் ஸ்னோ உண்மையை நெருங்கிவிட்டார். தென் இலண்டனில் இரு கம்பனிகள் ஒரே தெருக்களுக்குத் தண்ணீர் விற்றன. ஒன்று 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை நதியின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. மற்றது நகரக் கழிவு கலக்கும் பற்றர்சியிலேயே எடுத்தது. ஸ்னோ வீடுவீடாகக் கணக்கெடுத்தார். பத்தாயிரம் வீடுகளுக்கு முதற் கம்பனியின் நீரைக் குடித்தோரில் 37 பேரும், இரண்டாவது கம்பனியின் நீரைக் குடித்தோரில் 315 பேரும் இறந்திருந்தனர். சோஹோவின் புறோட் வீதியில் கொலரா வெடித்தபோது, செப்டெம்பர் 7ஆம் திகதி அவ்விடத்துப் பங்குப் பாதுகாவலர் சபையின் முன் அவர் தோன்றி, தெருப் பம்பியின் கைப்பிடியைக் கழற்றுமாறு வேண்டினார். மறுநாள் கழற்றினர். நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது, பெரும்பாலோர் ஓடிவிட்டிருந்தனர். எனினும் சொல்வதை முழுதாக நம்பாமலே ஒரு சிறிய உள்ளூர்ச் சபை ஒரே நாளிற் செயற்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அப்பம்பிக்குச் சிறிது தூரத்திலே, டீன் வீதியில், இரண்டு அறைகளில் காரல் மார்க்ஸ் குடும்பத்தோடு வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1855இற் புதிய சட்டம் வந்தது. மாநகர வேலைச்சபை என்ற ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. நகர் முழுவதற்குமான பெருங்கால்வாய்களும் பெருவீதிகளும் அதன் பொறுப்பாயின. அங்கத்தவர் நாற்பத்தைவர். இவர்களை மக்கள் நேரே தெரிவுசெய்யவில்லை. பங்குச் சபைகளும் வட்டாரச் சபைகளும் தெரிந்தனுப்பின. அப்பங்குச் சபைகளில் இடம்பெறுவதற்கோ ஆண்டுக்கு நாற்பது பவுண் பெறுமதியாக மதிப்பிடப்பட்ட வீட்டில் இருத்தல் வேண்டும். வறிய பங்குகளில் இருபத்தைந்து பவுண் போதும். கடைக்காரரும், வீட்டுச் சொந்தக்காரரும், கட்டட ஒப்பந்தகாரரும் அம்மேசையைச் சுற்றி அமர்ந்தனர். சேர்ச் லேன் மக்களுக்கு அங்கே கதிரை இல்லை. (பத்து ஆண்டுகளின் பின், 1865இல், இலங்கையில் மாநகரசபைகளை அமைக்க இயற்றப்பட்ட கட்டளைச்சட்டமும் சொத்துடையோனே நகரத்தான் என்ற இதே கருத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. கொழும்பும் கண்டியும் முதலில் அதனைப் பெற்றன.)

பசல்கெற் புதிய சபையின் தலைமைப் பொறியியலாளரானார். அவர் திட்டம் எளிமையானது: வடக்கிலும் தெற்கிலும் நதிக்குச் சமாந்தரமாகப் பெருங்கால்வாய்களை வெட்டி, நதியை நோக்கி ஓடும் பழைய கால்வாய்களை மறித்து, கழிவு முழுவதையும் நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் வற்றுப்பெருக்கில் விடுவது. 1856இலேயே திட்டம் ஆயத்தம். ஆனால் கழிவு விழும் வாய் எங்கே அமைவது? அரசாங்கம் இன்னும் தொலைவுக்குப் போகவேண்டுமென்றது; அந்த மேலதிக தூரத்துக்கு நாம் பணம் கொடுப்பதில்லை என்றது சபை. கடிதங்களும் நிபுணர் அறிக்கைகளும் மாறிமாறி இரண்டு ஆண்டுகள் கடந்தன.

அவ்வழக்கைத் தீர்த்தது 1858ஆம் ஆண்டுக் கோடை. ஜூன் மாத வெப்பத்தில் தேம்ஸ் நதி கொதித்து நாறியது. நதிக்கரையில் எழுந்துநின்ற புதிய பாராளுமன்ற மாளிகையின் திரைச்சீலைகளைக் குளோரைட் சுண்ணாம்பில் தோய்த்துத் தொங்கவிட்டனர். பயனில்லை. பாராளுமன்றத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவது பற்றியும் பேச்செழுந்தது. ஜூலை 15இல் டிஸ்ரேலி மசோதாவைச் சமர்ப்பித்தார். ஓகஸ்ட் 2இல் அது சட்டமாயிற்று. மூன்று மில்லியன் பவுண் கடன் பெறச் சபைக்கு அதிகாரம் கிடைத்தது. அரசாங்கத்தின் தடையதிகாரமும் நீங்கியது. இருபத்தையாயிரம் பிணங்கள் பத்து ஆண்டுகளிற் செய்யமாட்டாததை, அங்கத்தவர் மூக்கில் ஏறிய நாற்றம் பதினெட்டு நாளிற் செய்தது. ஜோன் ஸ்னோ இதனைக் காணவில்லை. அந்த ஜூன் 16ஆம் திகதி அவர் இறந்தார்.

வேலை 1859இல் தொடங்கிற்று. 82 மைல் நீளமான பெருங்கால்வாய்கள். 318 மில்லியன் செங்கற்கள். இக்கணக்கை எல்லா நூல்களும் தரும். அதே 1859இல் இலண்டன் கட்டடத் தொழிலாளர் ஒன்பது மணித்தியால வேலைநாள் கேட்டுப் போராடியதையும், முதலாளிகள் கதவடைப்புச் செய்ததையும், அப்போராட்டத்தின் விளைவாக 1860இல் இலண்டன் தொழிற்சங்கப் பேரவை தோன்றியதையும் அந்நூல்களிற் சிலவே கூறும்.

வடகரையின் தாழ்நிலக் கால்வாய் நதியோரமாகப் போகவேண்டியிருந்தது. அதற்காக நதியின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டு, மேலே வீதியும் உள்ளே கால்வாயும் சுரங்க ரயிலும் கொண்ட விக்ரோறியா அணைக்கரை எழுந்தது. தம் மாளிகைக்கும் நதிக்கும் இடையே பொதுவீதி போகலாகாதென 1862இல் பக்ளூக் கோமகன் வாதாடியது அக்காலத்துப் பெருஞ் செய்தி. அவர் தோற்றார், வீதி போயிற்று. பணம் எங்கிருந்து வந்தது? இலண்டனுக்குள் வரும் நிலக்கரி மீதும் மது மீதும் விதித்த தீர்வையிலிருந்து. கிழக்கு இலண்டன் சலவைக்காரி அடுப்பில் இட்ட ஒவ்வொரு கரித்துண்டும் வெஸ்ட்மின்ஸ்டர் உலாவீதிக்கு வரி செலுத்தியது.

1865 ஏப்ரல் 4ஆம் திகதி குறொஸ்நெஸ் என்னுமிடத்தில் வேல்ஸ் இளவரசர் நீரேற்று நிலையத்தைத் திறந்துவைத்தார். பெரும் விருந்து நடந்தது. அடுத்த ஆண்டு கோடையில் கொலரா திரும்பிற்று. இம்முறை நகர் முழுவதும் பரவவில்லை. 1866இல் இலண்டனில் இறந்த ஐயாயிரத்துக்கும் அதிகமானோருள் மிகப் பெரும்பாலோர் வைற்சப்பல், பெத்னல் கிறீன், ஸ்ரெப்னி, பொப்லர் முதலிய கிழக்குப் பகுதியினர். துறைமுகக் கூலிகள், தையற்காரர், அவர்தம் குழந்தைகள்.

காரணம் யாது? புதிய வடிகாலமைப்பு முற்றுப்பெறாதிருந்த பகுதி அதுவே. தாழ்நிலமாதலால் அங்கே கழிவைப் பம்பியால் உயர்த்தவேண்டும். அபி மில்ஸ் நீரேற்று நிலையம் 1868இலேதான் முடிவடைந்தது. இது தொழில்நுட்ப விளக்கம்; பொய்யன்று. ஆனால் கால்வாயின் கடைசிக் கண்ணி ஏன் எப்போதும் ஏழையின் தெருவாகவே அமைகிறது என்பதற்கு அது விடையாகாது. அபாயம் கண்டபின் அதே இடத்தில் தற்காலிகப் பம்பி ஒன்றை அவசரமாக நிறுவ முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. மற்றொரு குற்றவாளி கிழக்கு இலண்டன் தண்ணீர்க் கம்பனி. வடிகட்டாத நீரைத் தாம் விநியோகிக்கவில்லையென அதன் பொறியியலாளர் பத்திரிகையில் மறுத்தெழுதினார். வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன்கள் அகப்பட்டிருந்தன. ஓல்ட் போட் என்னுமிடத்து மூடப்படாத குளத்திலிருந்து நீர் விடப்பட்டமை பின்னர் விசாரணையில் நிரூபணமாயிற்று.

கொலரா அதன்பின் இலண்டனுக்குப் பெருநோயாகத் திரும்பவில்லை. மறித்தேந்தும் கால்வாயின் நன்மை அதுவே; அந்நன்மையைக் குறைத்துரைப்பது நியாயமன்று. ஆனால் அழுக்கு மறையவில்லை, கிழக்கே நகர்ந்தது. 1878 செப்டெம்பர் 3ஆம் திகதி உல்லாசப் பயணிகளை ஏற்றிய ‘பிரின்சஸ் அலிஸ்’ என்ற கப்பல், கழிவு வாய்களுக்கு அண்மையில் வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விழுந்தது சிறிது முன் திறந்துவிடப்பட்ட மலநீருக்குள். அதன்பின்பும் ஒன்பது ஆண்டு வாதாடியே, 1887இல் திடக்கழிவைக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டத் தொடங்கினர்.

மாநகர வேலைச்சபை ஊழலில் முடிந்தது. காணி விற்பனையில் அதிகாரிகள் கைநீட்டியமை 1888இல் அரச ஆணைக்குழுவினால் விசாரிக்கப்பட்டது. 1889இல் சோலைவரி செலுத்துவோர் நேரே தெரிவுசெய்த இலண்டன் கவுண்டிச் சபை அதன் இடத்தைப் பெற்றது. பங்குச் சபைகளில் இடம்பெறுவதற்கான சொத்துத் தகைமை 1894இல் நீக்கப்பட்டது. பெண்களும் உறுப்பினராகலாமென விதிக்கப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தின் பின், 1919இல், கொலரா வாரிக்கொண்டுபோன அதே பொப்லரில் தொழிற்கட்சி நகரசபையைக் கைப்பற்றியது. ஜோர்ஜ் லான்ஸ்பரி தலைமையிலான அச்சபையில் துறைமுகத் தொழிலாளரும், ரயில்வேத் தொழிலாளரும், தொழிலாளர் குடும்பப் பெண்களும் அமர்ந்தனர்.

அவர்கள் முதலிற் கண்டது பழைய கணக்கையே. வேலையற்றோர் நிறைந்த பொப்லரில் ஒரு பென்னி வரி விதித்தாற் சேரும் தொகை அற்பம். செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் அதே ஒரு பென்னி பன்மடங்கு தரும். ஆனால் தம் ஏழைகளைத் தாமே பராமரிக்கும் சுமையோ ஒவ்வொரு பகுதியின் தலையிலும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தது. 1921இல் கவுண்டிச் சபை முதலிய மாநகர அமைப்புகளுக்குச் செலுத்தவேண்டிய வரியைத் திரட்ட அவர்கள் மறுத்தனர். நீதிமன்றம் கட்டளையிட்டது; பணியவில்லை. அங்கத்தவர் முப்பதுபேர் சிறை சென்றனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். சிறைக்குள்ளேயும் சபைக் கூட்டங்களை நடத்தினர். ஆறு வாரங்களின் பின் விடுதலையாயினர். ஏழைகளைப் பராமரிக்கும் செலவிற் பெரும்பகுதியை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் அவ்வாண்டு முடிவதற்குள் நிறைவேறியது.